பத்தரின் கடுகுப் பாத்தி

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம் கிளிநொச்சி நகரை விட்டுச் சனம் கிளம்பியபோது கையில் அகப்பட்டதையெல்லாம் கட்டிக்கொண்டுதான் கிளம்பியது. கூரைத் தகரம், கதவு நிலை, கோழிக்கூடு, சாமிப்படம் என்று எதையும் விடவில்லை. சந்தைக்குப் பக்கத்தில் நகைப் பட்டறை வைத்திருந்த பரமலிங்கம் பத்தர் மட்டும் மண்வெட்டியை எடுத்துத் தன் பட்டறைத் தரையைக் கொத்திக்கொண்டிருந்தார். கொத்திய மண்ணை மூன்று மாப் பைகளில் நிரப்பி, வாயைத் தைத்து, ஸ்கந்தபுரத்தில் பயிர் செய்யும் தெரிந்த கமக்காரன் ஆண்டியப்பனின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார். அதோடு பெட்டியில் இடம் முடிந்துவிட்டது. அவர் மனைவி அமராவதியின் அம்மியும் குழவியும் வாசலிலேயே நின்றுவிட்டன.

"மண்ணை ஏத்தியாச்சு, அம்மியை விட்டாச்சு" என்றாள் அமராவதி. "இனி ஸ்கந்தபுரத்தில இந்த மண்ணைக் குழைச்சுச் சம்பல் எண்டு சோத்தில வைக்கிறன், தின்னுங்கோ."

ஆண்டியப்பன் எழுபத்தேழில் மலைநாட்டிலிருந்து வந்து ஸ்கந்தபுரத்தில் காடு வெட்டிக் காணியாக்கியவன். அவனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க ஊர்ல மண்ணு இல்லைன்னு யாரு பத்தரய்யா ஒங்களுக்குச் சொன்னாங்க?" என்று கேட்டான்.

பத்தர் மூட்டைகளின் தையலை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார். நகைவேலை தெரியாதவர்களுக்குப் பதில் சொல்லி ஆகப்போவது என்ன? பதினெட்டு வருடம் அவர் அந்தத் தரையில் குந்தியிருந்து பொன்னை வெட்டியிருக்கிறார், அராவியிருக்கிறார், உருக்கியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத பொடி தெறித்து மண்ணுக்குள் போயிருக்கிறது. முன்பெல்லாம் வருடத்துக்கொருமுறை தரையைக் கூட்டி, மண்ணை அரித்து, பாதரசம் விட்டுப் பிசைந்து, திராவகத்தில் சுத்தம் செய்து அதை மீட்டு எடுப்பார். பிறகு யுத்தத்தில் பொருளாதாரத் தடை வந்தது. சவர்க்காரமும் பற்றரியும் ஒழுங்காக வராத ஊருக்குத் திராவகமா வரப்போகிறது? ஆகவே ஆறு வருடத்துப் பொன் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அதை விட்டுவிட்டு ஓடப் பத்தருக்கு விசரா?

ஆனால் ஸ்கந்தபுரத்திலும் பாதரசம் வரவில்லை. ஆண்டியப்பன் தன் காணி மூலையில் போட்டுக் கொடுத்த கிடுகுக் கொட்டிலில் மூன்று மூட்டைகளும் இரண்டு வருடம் சும்மா கிடந்தன. அமராவதி அவற்றைக் கதிரையாகப் பாவித்தாள். வீட்டுக்கு யாராவது வந்தால், "இருங்கோ இருங்கோ, பவுணுக்கு மேல இருங்கோ" என்று உபசரிப்பாள்.

இந்தப் பகிடியெல்லாம் பத்தர் பொறுத்துக்கொள்வார். அவள் பகிடி பண்ணாத ஒரு விஷயம் இருந்தது. அதுதான் அவரைக் கொன்றது.

தொண்ணூற்றேழு மாரியில் பத்தருக்கு மலேரியா வந்து பதினொரு நாள் நினைவில்லாமல் கிடந்தார். கண் விழித்துப் பார்த்தபோது அமராவதியின் கழுத்தில் தாலிக்கொடி இல்லை. மஞ்சள் பூசிய நூலில் ஒரு மஞ்சள் துண்டு தொங்கியது.

"எங்கயப்பா கொடி?"

"உங்கட உடம்புக்குள்ள போயிட்டுது. மருந்தா" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை நீட்டினாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவேயில்லை.

கிளிநொச்சியில் பாதிப் பெண்களின் கழுத்தில் இருப்பது பத்தர் செய்த தாலி. அவர் பெண்சாதியின் கழுத்தில் மஞ்சள் துண்டு. கிழமைக்கொருமுறை அது காய்ந்து சுருங்கியதும் புதுத் துண்டு வெட்டிக் கட்டுவாள். அந்த நேரம் பத்தர் எழும்பி வேலிப் பக்கம் போய்விடுவார். வெட்கம் ஒரு பக்கம், அவள்மேல் உள்ள பட்சம் ஒரு பக்கம். ஒரு தாலிக்காவது பொன் சேர்க்காமல் கண்ணை மூடுவதில்லை என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

அவளிடம் மிச்சமிருந்த பொன் ஒரு மூக்குத்தி மட்டும்தான். கலியாணத்துக்கு முன் பத்தர் தன் கையால் செய்து கொடுத்தது. கல் இல்லாத வெறும் பூ. "அசல் இருபத்திரண்டு கரட். முப்பது வருசமாக் கறுக்கேல்லை" என்று அவள் அக்கம்பக்கத்தில் பெருமை பேசுவாள். அந்தப் பேச்சு எடுபடும்போதெல்லாம் பத்தருக்கு வெளியில் எங்காவது அவசர வேலை வந்துவிடும்.

தொண்ணூற்றெட்டுப் புரட்டாதியில் ஜனார்த்தனன் வந்தான். விவசாயப் போதனாசிரியர், வட்டக்கச்சிப் பக்கத்துப் பெடியன், கலியாணம் ஆகாதவன், சைக்கிள் கரியரில் எப்போதும் ஒரு கட்டுக் கொப்பி. மாரி மழையோடு தொடங்கும் காலபோக விதைப்புக்கு முன் கமக்காரரைக் கூட்டி வைத்துப் பசளையில்லாமல் பயிர் செய்வது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தவன், பேச்சுவாக்கில் தான் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் வாசித்ததையும் சொன்னான்.

"சில செடியள் மண்ணில கிடக்கிற உலோகத்தை உறிஞ்சி இலையில சேர்த்து வைக்குமாம். வெளிநாட்டில கடுகை விதைச்சுப் பொன்னை எடுத்துப் பாத்திருக்கினம். செடியைப் பிடுங்கி எரிச்சால் சாம்பலுக்குள்ள பொன். சுரங்கம் தோண்டத் தேவையில்லை, நிலமும் பழுதாகாது."

கூட்டம் சிரித்தது. "அப்ப எங்க பொம்பளைங்க தாளிக்கிறதெல்லாம் தங்கமா சாமி?" என்று ஆண்டியப்பன் கேட்டான். பத்தர் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் போதனாசிரியரின் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மூண்டு மூட்டை மண் இருக்கு. சரிவருமோ?"

ஜனார்த்தனன் கொட்டிலுக்கு வந்து மண்ணைப் பார்த்தான், முகர்ந்தான், யோசித்தான். "பத்தரண்ணை, பொன் தண்ணியில கரையாது. கரைஞ்சால்தான் வேர் உறிஞ்சும். அங்க அதுக்கு ஒரு மருந்து விடுறாங்கள். அது இஞ்ச வராது. ஆனால் கைப்பு மரவள்ளியின்ர தோலில அந்தச் சாதி நஞ்சு கொஞ்சம் இருக்கு. ஊறப்போட்ட தண்ணியை விட்டுப் பாப்பம். வந்தால் வரும், வராட்டியும் ஒண்டுமில்லை. கண்ணுக்குத் தெரியிற அளவு வந்தாலே பெரிய விஷயம்."

"வரும்" என்ற சொல் மட்டும்தான் பத்தரின் காதில் விழுந்தது.

மூன்று மூட்டையும் அவிழ்ந்தன. கிணற்றடியிலிருந்து தள்ளி, மண் கலந்துவிடாதபடி கிடுகு விரித்து, அதன்மேல் பாத்தி கட்டினார்கள். ஆண்டியப்பன் கடுகு கொடுத்தான். பத்தர் ஊரெல்லாம் திரிந்து மரவள்ளித் தோல் சேர்த்தார். நகைவேலை கேட்டுக்கூட வீடு வீடாகப் போகாத மனிதர் தோல் கேட்டுப் போனதைச் சனம் கதை கதையாகச் சொல்லிக்கொண்டது. கார்த்திகை மழையில் கடுகு தளதளவென்று எழும்பியது. பத்தர் விடிந்ததும் பாத்தியடியில் குந்தி, ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்ப்பார்.

"இன்னும் மஞ்சளாகேல்லையோ?" என்று குசினிக்குள்ளிருந்து கேட்பாள் அமராவதி. "பழுத்தால் சொல்லுங்கோ, சங்கிலியாப் பிடுங்கலாம்."

ஒருநாள் ஆண்டியப்பனின் வெள்ளாடு வேலி பாய்ந்து இரண்டு வாய் கடித்துவிட்டது. பத்தர் மூன்று நாள் அந்த ஆட்டின் பின்னால் ஓலைப்பெட்டியோடு திரிந்தார். பொறுக்கிய புழுக்கையைத் தனியாகக் காயவைத்தும் இருந்தார். அமராவதி அதைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் சமைக்கவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோய்ப் பாயில் படுத்துவிட்டாள். ஆண்டியப்பன் மட்டும் தன் ஆட்டின் காதை வாஞ்சையோடு தடவிக்கொடுத்தான்.

மார்கழி நடுவில், பூக்கும் பருவத்தில், ஜனார்த்தனன் சொன்னபடி செடிகளை வேரோடு பிடுங்கினார்கள். மழைக்குப் பயந்து அடுப்புக்கு மேலே பரணில் பரப்பிக் காயவைத்தார்கள். காய்ந்ததைப் பத்தர் மண்சட்டியில் பிடி பிடியாக எரித்தார். நாலு கூடைச் செடி, புழுக்கையும் சேர்த்து, ஒரு தகர ரின்னில் முக்கால்வாசிச் சாம்பலாயிற்று. நிவாரணத்தில் வந்த பிஸ்கட் ரின்னில் போட்டு மூடிக் குசினித் தட்டில் வைத்தார். உருக்கும்போது தானும் நிற்க வேண்டும், கொப்பியில் எழுத வேண்டும், பொங்கல் கழியட்டும் என்று ஜனார்த்தனன் கேட்டிருந்தான். பத்தரும் சம்மதித்தார். அதுதான் பிழையாய்ப் போயிற்று.

பொங்கலுக்கு முதல்நாள் பத்தர் கரி வாங்கப் போய்த் திரும்பியபோது குடமும் செம்பும் பித்தளை விளக்கும் வெயிலில் கண்ணைக் கூசப்பண்ணிக்கொண்டு இருந்தன. "என்னப்பா, இந்த முறை இப்பிடி மினுக்கியிருக்கிறாய்!" என்று வியந்தார். அமராவதி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். வாய்க்கு வாய் பதில் சொல்பவள் பேசாமல் போனதைப் பத்தர் கவனித்திருக்க வேண்டும். அவருக்குச் சாம்பல் நினைவு.

பொங்கலன்று அவள் மூக்கில் மூக்குத்திக்குப் பதிலாக ஒரு வேப்பம் ஈர்க்கு இருந்தது.

"குளிக்கேக்க கழண்டு கிணத்துக்குள்ள விழுந்திட்டுது" என்றாள்.

பத்தருக்கு நெஞ்சு துண்டாகிப் போயிற்று. ஆண்டியப்பனிடம் பாதாளக் கொழுக்கி வாங்கிவந்து இரண்டு நாள் கிணற்றைக் கலக்கினார். பழைய வாளி ஒன்றும் யாருடையதோ ஒரு செருப்பும்தான் வந்தன. "போனது போகட்டும், விடுங்கோ. சேத்துத் தண்ணியைக் குடிக்கவே சொல்லுறியள்?" என்று அமராவதி சத்தம் போட்டாள். அவள் குரலில் கவலையே இல்லை. முப்பது வருடப் பெருமை கிணற்றுக்குள் போயிருக்கிறது, இவள் தண்ணீர் கலங்கியதற்குச் சண்டை பிடிக்கிறாளே என்று பத்தருக்குக் கோபம்கூட வந்தது. தாலிக்கொடிதான் போயிற்று, மூக்குத்தியும் போயிற்று, இனிக் கடுகுதான் என்று நினைத்துக்கொண்டார்.

தை ஆறாந் திகதி வாக்கில், பொங்கல் கழிந்த கிழமை, ஜனார்த்தனன் கொப்பியோடு வந்தான். பத்தர் சிரட்டைக்கரி மூட்டி, சாம்பலில் வெங்காரம் கலந்து, பொன் உருக்கும் மூசையில் வைத்து ஊதினார். வெட்டுக்கத்தரி வழக்கமான இடத்தில் இல்லாமல் அரத்துக்குக் கீழே கிடந்ததைப் பார்த்து, யார் எடுத்தது என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு ஊதுகுழலில் கவனம் போய்விட்டது. முதல் மூசையில் கறுத்த கசடு மட்டும். இரண்டாவதிலும் கசடுதான். ரின்னின் அடியில் கிடந்த சாம்பலை மூன்றாவதாக வைத்தார். அமராவதி குசினி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

கசட்டை உடைத்தபோது உள்ளே ஒரு மணி மின்னியது.

ஜனார்த்தனன் கொப்பியைக் கீழே போட்டுவிட்டுத் துள்ளினான். "வந்திட்டுது அண்ணை! கடவுளே, வந்திட்டுது! நான் நம்பேல்லை, உண்மையாச் சொன்னால் நான் நம்பேல்லை!" பத்தரின் கண் நிறைந்துவிட்டது. ஐந்து குன்றிமணி நிறை இருந்தது. ஒரு சின்னத் தாலிக்குப் போதும். அவர் அமராவதியைப் பார்த்தார். அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்க்க அவருக்கு இன்னும் அழுகை வந்தது.

"எத்தினை கரட் எண்டு சொல்லுங்கோ அண்ணை, எழுதவேணும்."

பத்தர் உரைகல்லை எடுத்துத் துடைத்து, மணியை ஒரு கோடு இழுத்தார். கோட்டைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து இன்னொருமுறை பார்த்தார்.

கோடு சிவந்திருந்தது.

செடி உறிஞ்சியது பொன்னென்றால் இவ்வளவு செம்பு எங்கிருந்து வந்தது? பதினாறு கரட்டுக்கு மேல் சொல்ல முடியாது. இந்தக் கலப்பில் பத்தர் தன் வாழ்நாளில் ஒரேயொரு பொருள்தான் செய்திருக்கிறார். முப்பது வருடத்துக்கு முன், யாழ்ப்பாணத்தில் ஒரு பட்டறையில் கையாளாக இருந்த காலத்தில், கட்டப்போகிறவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்று ஆசைப்பட்டு, கையிலிருந்த பொன் போதாமல் செம்பைக் கூட்டிச் செய்தது. "எத்தினை கரட்?" என்று அவள் வெட்கத்தோடு கேட்டபோது, வாய் தன்பாட்டில் "இருபத்திரண்டு" என்று சொல்லிவிட்டது. தொழிலில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

ஈர்க்கு, வெட்டுக்கத்தரி, மினுங்கிய குடம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் முன்னால் நின்றன. சவர்க்காரம் இல்லாத வீட்டில் பாத்திரம் மினுக்குவது அடுப்புச் சாம்பலில்தான். அவள் அதைப் போட்டு வைப்பதும் அதேபோன்ற இன்னொரு பிஸ்கட் ரின்னில்தான், அதே தட்டில்தான். பொங்கல் அவசரத்தில் ரின் மாறிவிட்டது. கடுகுச் சாம்பல் குடத்தை மினுக்கிக் கிணற்றடி மண்ணுக்குப் போய்விட்டது. மனுசன் இரண்டு வருடம் மண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தானே, கசட்டைப் பார்த்து ஒடிந்துபோவானே என்று, அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு, மூக்கிலிருந்ததைக் கழற்றி வெட்டி அதற்குள் புதைத்திருக்கிறாள்.

"எத்தினை, அண்ணை?"

"பொறுங்கோ தம்பி, கோடு காயட்டும்" என்றார் பத்தர். உரைகல் கோடு காய்வதில்லை. நல்லகாலம் போதனாசிரியருக்கு அது தெரியாது.

வேலிப் படலையடி வரை கூட்டிப்போய்த்தான் வாயைத் திறந்தார். "தம்பி, கொப்பியில ஒண்டும் வரேல்லை எண்டு எழுதுங்கோ."

"என்னண்ணை பகிடியோ? ரெண்டு கண்ணாலயும் கண்டனான்!"

"நீங்கள் கண்டது எங்கட வீட்டு அலுவல். செடியின்ர அலுவல் இல்லை. நீங்கள் இதை எழுதி, நாளைக்குச் சனம் நெல்லை விட்டிட்டுக் கடுகு விதைச்சால் அந்தப் பாவம் எனக்கு. அடுத்த போகம் சரியாச் செய்து பாப்பம்."

ஜனார்த்தனன் குழம்பிப்போய் அவரைப் பார்த்தான். "எனக்கு விளங்கேல்லை."

"கலியாணத்தைக் கட்டுங்கோ. பிறகு விளங்கும்."

போகிற சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பத்தருக்குத் துக்கமாகத்தான் இருந்தது. ஊர் சிரித்த சிரிப்புக்கெல்லாம் ஒரு பதில் கையில் இருந்தது. அதைத் தன் வாயாலேயே இல்லையென்று சொல்லியாயிற்று. ஆனால் உள்ளே ஒருத்தி, செடி பொன் தந்ததென்று அவர் நம்பட்டும் என்று காத்திருக்கிறாள். உண்மை தெரிந்துவிட்டதென்று எப்படிச் சொல்வது? சொன்னால் உரைகல் கதை வரும். உரைகல் கதை வந்தால் பதினாறு கரட் வரும். பதினாறு கரட் வந்தால் முப்பது வருடப் பெருமை போகும். பேசாமல் தாலியைச் செய்துவிடுவதே புத்தி என்று முடிவெடுத்தார்.

நாலு நாள் தட்டினார். கடதாசித் தடிப்புக்கு மேல் வராத சின்னத் தாலி. நகத்தளவு இடத்தில் ஒரு பிள்ளையாரைக் கீறினார். வேலை செய்யும்போது அமராவதி வந்து வந்து எட்டிப் பார்த்தாள். "கடுகுப் பவுண் எண்டாலும் நல்ல மினுக்கம்தான், என்ன?" என்றாள். முகத்தில் ஒரு சுழிவு இல்லை. நடிகைதான் என்று பத்தர் மனதுக்குள் பாராட்டினார்.

தை கடைசி வெள்ளி காலை, சாமிப்படத்துக்கு முன் அந்த மினுங்கிய விளக்கைக் கொளுத்திவிட்டு, அவள் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். பத்தர் புது நூலைப் பிடித்து முதல் முடிச்சைப் போட்டார். இரண்டாவதைப் போட்டார். மூன்றாவதுக்குக் கை வரவில்லை. ஒரு பொய்யை மூக்கில் போட்டு முப்பது வருடம் ஓட்டியாயிற்று. அதையே எடுத்துக் கழுத்திலும் கட்டுவதா?

"அமராவதி, ஒண்டு சொல்லவேணும். இந்தப் பொன் தரம் குறைவு. பதினாறு கரட்தான் வரும்."

அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். "பதினாறோ? இருபத்திரண்டு எண்டெல்லோ சொல்லித் தந்தனீங்கள்!"

சொல்லிமுடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. கை வாய்க்குப் போகாமல் மூக்கிலிருந்த ஈர்க்குக்குப் போயிற்று. பத்தர் நூலைப் பிடித்தபடி நின்றார். இரண்டு கள்ளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"ஓம்."

"எப்ப இருந்து?"

"கல்லில உரைச்ச நேரம் இருந்து. நீ?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கள் சொன்னதை நம்பி ஊரெல்லாம் இருபத்திரண்டு எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்." அவளுக்குக் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மீண்டும் கழுத்தைக் குனிந்தாள். "மற்ற முடிச்சை முதல்ல போடுங்கோ. பிறகு ஆறுதலாச் சண்டை பிடிப்பம்."

பத்தர் மூன்றாவது முடிச்சை இறுக்கிப் போட்டார்.

சண்டை நடக்கவில்லை. அமராவதி தாலியைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனாள். பாத்திரம் மினுக்குகிற இடத்தில் சாம்பல் படிந்த மண்ணைச் சுற்றி விளக்குமாற்றுக் காம்பால் ஒரு வட்டம் கீறினாள்.

"கடுகுச் சாம்பல் ரின்னைக் கவிட்டுக் கொட்டினது இவ்வளவுக்குள்ளதான்" என்றாள். பிறகு குசினிக்குப் பின்னால் கிடந்த வெறும் மாப் பை ஒன்றை உதறி எடுத்துக்கொண்டு வந்து, அதன் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"பாத்துக்கொண்டு நிக்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாங்கோ."